எதிரியில்லாத காயம்

ஈழத்துப் போர்க்கால இலக்கியம் எதை எழுதிற்று என்று கேட்டால் எவரும் தயங்காமல் விடை கூறுவர். மரணத்தை எழுதிற்று, இடப்பெயர்வை எழுதிற்று, காணாமற் போன பிள்ளைகளைத் தேடி அலைந்த தாயரை எழுதிற்று. 1985 இல் வெளிவந்த கவிதைத் தொகுதி ஒன்றுக்கு ‘மரணத்துள் வாழ்வோம்’ என்று பெயர் அமைந்தமையே அக்காலத்தின் நெஞ்சத்துடிப்பை உணர்த்தப் போதுமானது. அதன் பின்னர் வந்த சிறுகதைகளிலும் நாவல்களிலும் காலிழந்தவனும், கண்ணிழந்தவளும், உடம்பில் சன்னத்தைச் சுமந்து திரிபவனும் இடம்பெற்றே வந்துள்ளனர். இப்படைப்புகளின் பெறுமதியை நாம் குறைத்துக் கூற வரவில்லை. ஆயினும் ஒரு காயம் மட்டும் இத்தனை பக்கங்களுக்குள்ளும் புக இயலாமல் வெளியே நிற்கின்றது. போர்க்களத்துக்குச் செல்லுமுன்னரே, பயிற்சிக் களத்தில், தன் பக்கத்து ஆயுதத்தாலேயே படைவீரன் ஒருவனின் தலைக்குள் நேரும் காயம் அது. அது ஏன் நம் எழுத்தில் இல்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவ நூலார் இதனை மென்மையான மூளைக்காயம் என்பர். அந்த அடைமொழியைக் கண்டு ஏமாறுதல் கூடாது. நினைவிழப்பு அரைமணி நேரத்துக்கு மேற்படாமலும், மறதி ஒரு நாளைக்கு மேல் நீடியாமலும் இருப்பின் காயம் இவ்வகுப்பில் சேர்க்கப்படும், அவ்வளவே. காயம்பட்ட வேளையில் அது எவ்வாறு தோன்றிற்று என்பதற்கு இட்ட பெயரேயன்றி, காயம்பட்டவனின் வாழ்வு பின்னர் எவ்வாறாயிற்று என்பதற்கு இட்ட பெயர் அன்று. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் நீரில் மிதந்தபடி இருக்கின்றது. தலை சடுதியாக உலுக்கப்படும்போது அதன் நுண்ணிய நார்கள் இழுபடுகின்றன. எலும்பு முறிவதில்லை, குருதி சிந்துவதில்லை, ஸ்கான் படத்திலும் பெரும்பாலும் எதுவும் தென்படுவதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். ஒரு பகுதியினரோ தேறுவதில்லை. அவர்களுக்குத் தலையிடி ஓயாது, உறக்கம் கூடாது, வெளிச்சமும் இரைச்சலும் பொறுக்க இயலாதவை ஆகிவிடும், சொல்ல வந்த சொல் நாவுக்கு எட்டாது, அற்ப காரியத்துக்கும் சினம் மூளும். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது நேர்ந்தால் கேடு பெருகும்.

பயிற்சிக் களத்தில் இதற்கான வாய்ப்புக்குக் குறைவில்லை. உயரத்திலிருந்து குதித்தல், தடைதாண்டுதல், மற்போர், குத்துச்சண்டை ஆகியவை எந்நாட்டுப் படைப்பயிற்சியிலும் உள்ளவை. அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் படைக் கல்லூரியில் நேர்ந்த மூளை அதிர்ச்சிகளுள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கட்டாயக் குத்துச்சண்டை வகுப்பில் நேர்ந்ததென 2015 இல் வெளியாகிற்று. இவற்றுக்கு மேலாக ஆயுதமே ஒரு காரணம். தோளில் வைத்துச் சுடும் உந்துகணையோ மோட்டாரோ ஆட்லறியோ முழங்கும்போது, குண்டு எதிரியை நோக்கிப் போகின்றது. அமுக்க அலை சுட்டவனின் தலையூடாகப் போகின்றது. இரும்புத் தொப்பி சிதறலை ஓரளவு தடுக்கும். இந்த அலையைத் தடுக்க அது செய்யப்பட்டதன்று. 2000 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படையினரிடம் கண்டறியப்பட்ட மூளைக்காயங்கள் ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இந்த மென்மையான வகையைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை போர்க்களத்தில் நேர்ந்தவையும் அல்ல. பயிற்சியிலும் வாகன விபத்திலும் விளையாட்டிலும் நேர்ந்தவை. எண்ணிப் பார்க்கும் வழக்கமுள்ள ஒரு நாட்டின் கணக்கு இது. நம் குடாநாட்டில் எதிரெதிரே நின்ற படைகளைப் பற்றி இத்தகைய கணக்கொன்றைப் பொதுமக்கள் கண்டதில்லை.

இக்காயத்துக்கு ஒரு பெயர் கிடைத்த கதையும், அப்பெயர் பறிக்கப்பட்ட கதையும் இலக்கிய மாணவன் அறிந்திருக்க வேண்டியவை. 1915 இல் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், அருகே குண்டு வெடித்தபின் பார்வையும் நினைவும் உறக்கமும் குலைந்த மூன்று படையினரைப் பற்றி ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியபோது ‘ஷெல் ஷொக்’ என்ற தொடர் அச்சேறிற்று. நம் ஊர் மொழியில் ‘செல்லடி அதிர்ச்சி’ எனலாம். மறு ஆண்டில் பிரெடரிக் மொட் என்பவர், வெடியின் விசை நரம்புத் தொகுதியையே தாக்குகின்றது என்று வாதிட்டார். ஆனால் மூளை அதிர்ந்தது என்றால் அது காயமாகும். காயமென்றால் ஓய்வும் ஓய்வூதியமும் கொடுத்தாக வேண்டும். பல்லாயிரவர் அப்பெயருடன் களத்தை விட்டு வரத் தொடங்கியதும் 1917 இல் பிரித்தானியப் படைத்தலைமை அச்சொல்லை வழங்கலாகாது என்று கட்டளை பிறப்பித்தது. வந்தவர்களின் சீட்டில் ‘நரம்பு சார்ந்தது, இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை’ என்று எழுதப்பட்டது. அப்போரில் ஓடிப்போனமைக்காகவும் கோழைமைக்காகவும் பிரித்தானியப் படைகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர் 306 பேர். அவர்களுக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது 2006 இலேதான். அவர்களுள் எத்தனை பேரின் தலை முன்னரே அதிர்ந்திருந்தது என்பதை இனி எவர் அறிவார்?

அக்காலத்து இலக்கியம் என்ன செய்தது? இரு நாவல்களை எடுத்து நோக்குவோம். ரெபெக்கா வெஸ்ட் 1918 இல் வெளியிட்ட ‘படைவீரன் திரும்பி வருகை’ என்ற பொருள்படும் நாவலில், கிறிஸ் என்ற செல்வந்தன் குண்டதிர்ச்சியால் பதினைந்து ஆண்டு நினைவை இழந்து வீடு திரும்புகின்றான். மனைவியை அவனுக்குத் தெரியவில்லை. இளமையில் தான் நேசித்த ஏழைப் பெண்ணைத் தேடுகின்றான். ஈற்றில், இறந்துபோன அவனுடைய குழந்தையின் பொருள்களை அப்பெண் கொண்டுசென்று காட்ட, நினைவு மீள்கின்றது. நினைவு மீண்டவன் போருக்கு மீளவேண்டியவனும் ஆகின்றான். அம்முடிவின் கசப்பு உயர்ந்த கலை, அதில் ஐயமில்லை. எனினும் குண்டு வெடித்துக் கலங்கிய மூளை, குழந்தையின் பந்தைக் கண்டதும் தெளிந்துவிடுகின்றது என்றால், ஆசிரியர் காயத்தைத் தலையிலிருந்து எடுத்து உள்ளத்தில் வைத்துவிட்டார் என்பதுதான் பொருள்.

வேர்ஜினியா வூல்ஃப் 1925 இல் எழுதிய ‘திருமதி டலோவே’ இதனினும் ஆழமானது. அதில் வரும் செப்டிமஸ் ஒரு சாதாரண எழுதுவினைஞன். போரின் கடைசி நாள்களில் தன் நண்பன் கொல்லப்பட்டதையும், குண்டுகள் அருகே வெடித்ததையும் எவ்வித உணர்ச்சியுமின்றிப் பார்த்து நின்றவன். ஊர் வைத்தியர் அவனுக்கு ஒன்றுமில்லை என்கின்றார். பட்டம்பெற்ற நிபுணரோ அவனை அடைத்துவைத்து ஓய்வு கொடுக்கவேண்டும் என்கின்றார். அவன் யன்னலால் குதித்து உயிர் விடுகின்றான். மருத்துவத்தின் பெயரால் அதிகாரம் எவ்வாறு ஒரு ஏழை எழுதுவினைஞனை நசுக்குகின்றது என்பதை வூல்ஃபைப் போல் காட்டியவர் சிலரே. ஆனால் அவ்வுணர்ச்சியற்ற நிலை வெடியின் அலையால் விளைந்ததா, இழப்பால் விளைந்ததா என்ற வினாவுக்கு நாவலில் இடமில்லை. உலகப் புகழ்பெற்ற இந்த எழுத்துகளால் ஒரு மரபு நிலைபெற்றது: போரிலிருந்து திரும்பியவன் குழம்பி நின்றால், அவன் எதையோ நினைத்துக் குழம்புகின்றான் என்று பொருள்கொள்ளும் மரபு. நம்மவர் இந்நூல்களைக் கற்றனரோ இல்லையோ, அம்மரபு நம்மிடமும் வந்து சேர்ந்துவிட்டது.

நம் மொழியே இதற்குச் சான்று. அதிர்தல் என்பது முதலில் பொருள்களின் அசைவு. முரசு அதிர்ந்தது, நிலம் அதிர்ந்தது. இன்றோ அதிர்ச்சி என்றதும் துயரச் செய்தி கேட்டவரின் மனநிலையே நினைவுக்கு வருகின்றது. பதுங்குகுழிக்குள் பனங்குற்றிகளின் கீழ்க் குந்தியிருந்த எவரும் அச்சொல்லின் பழைய பொருளை உடம்பால் அறிவர். பல்லும் நெஞ்சும் காதும் அதிர்ந்ததை அவர் சொல்வர். அதனை எழுத்தாளன் எழுதும்போது மட்டும் மனமே அதிர்கின்றது.

இனிக் குடாநாட்டுக்கு வருவோம். 1983 ஜூலைக் கொடுமைகளின் பின் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டிலும் வட இந்தியாவிலும் இருந்த பயிற்சி முகாம்களுக்குச் சென்றனர். பின்னர் முகாம்கள் குடாநாட்டுக்குள்ளும் வன்னிக் காடுகளுக்குள்ளும் அமைந்தன. பள்ளிப் பையைக் கழற்றிவைத்த கையோடு போனவர்கள் பலர். இம்முகாம்களை நம் நாவலாசிரியர் எழுதவில்லை என்று எவரும் கூற இயலாது. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ 1985 இலேயே வந்துவிட்டது. பகைவனின் குண்டு மட்டுமே காயம் தரும் என்ற கற்பனையை முதலில் உடைத்த நாவல் அது. இயக்கத்தின் முகாமுக்குள்ளேயே, கேள்வி கேட்ட தோழர்கள் வதைக்கப்பட்டதை இயக்கத்துக்குள் இருந்தவர் ஒருவரே எழுதினார். அதற்கு வேண்டிய துணிவை நாம் இன்றும் வியக்கிறோம். ஆனால் அந்நாவலின் வன்முறை நோக்கமுள்ள வன்முறை. அடித்தவன் ஒருவன் உண்டு. அடிபட்டவன் ஒருவன் உண்டு. ஆகவே அறத்தின் தராசை நாட்ட இடமுண்டு. பயிற்சியில் நேரும் மூளைக்காயத்தில் அத்தராசு நிற்பதில்லை. கற்பித்தவன் பகைவனல்லன், கற்றவன் குற்றவாளியல்லன், இருவரும் ஒரே வெடியின் அருகில் நிற்கின்றனர்.

குணா கவியழகனின் ‘நஞ்சுண்ட காடு’ 2014 இல் வந்தது. பயிற்சிக்கு வந்த இளைஞரின் உடல் படும் பாட்டையும், அவர்கள் விட்டுவந்த வீடுகளின் வறுமையையும் இத்துணை நெருக்கமாகக் காட்டிய தமிழ் நாவல் வேறில்லை என்பது நம் கருத்து. பசியும் களைப்பும் தண்டனையும் அதில் வெறும் சொற்களாக அல்லாமல் தசையின் நோவாக வருகின்றன. ஆனால் அந்நோவுக்கு ஆசிரியர் கொடுக்கும் பணி என்ன? உடல் தன் எல்லையைத் தாண்டுகின்றது. தாண்டும்போது மனிதன் வேறொருவனாக வார்க்கப்படுகின்றான். உடம்பு நொந்து நொந்து உறுதி பிறக்கின்றது. அவ்வுறுதிக்கு இருப்பிடமான தலையும் உடம்பின் ஓர் உறுப்பே, அதுவும் நோகும், நொந்தபின் உறுதி பெறாமல் உறுதி குலையவும் கூடும் என்ற எண்ணத்துக்கு அவ்வார்ப்பில் இடம் ஏற்படவில்லை. நாவலின் குறை என்று இதைச் சொல்வதிலும், பயிற்சி என்ற நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையை விமர்சன நோக்குடைய கலைஞனும் ஓரளவு ஏற்கவே நேர்கின்றது என்று சொல்வதே பொருந்தும்.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ வேறு வகையானது. 2001 இல் வந்த அந்நாவல் அகதி விண்ணப்பத்தின் வடிவத்தையே எடுத்தாள்கின்றது. கதை துண்டு துண்டாகச் சிதறி வருகின்றது. இந்தச் சிதறலை நவீன உத்தி என்று போற்றும் விமர்சனங்கள் பல. உத்தியே என்பதை நாமும் ஏற்கிறோம். ஆயினும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகின்றது. போரிலிருந்து வந்தவன் தன் கதையை ஒழுங்காகச் சொல்ல இயலாமல் தேதியையும் ஊரையும் மாறிச் சொல்லும்போது, புகலிட நாட்டு அதிகாரி அவனைப் பொய்யன் என்கின்றார். விமர்சகர் அவனைப் பின்நவீனத்துவக் கதைசொல்லி என்கின்றார். அவனுடைய தலைக்கு என்ன நடந்தது என்று இருவருமே கேட்பதில்லை. தழும்பு காட்ட முடிந்தவனுக்கே விண்ணப்பத்தில் வலு உண்டு. இக்காயத்துக்குத் தழும்பில்லை.

இந்த மறைப்புக்கு நம் பழைய மரபிலும் ஒரு வேர் உண்டு. சங்க காலந்தொட்டு வீரனின் காயத்தை நாம் இரண்டாகவே பிரித்து வந்துள்ளோம். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண், அது புகழுக்குரியது. முதுகில் பட்டது புறப்புண், அது நாணுதற்குரியது. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். இரு வகைக்கும் ஒரு எதிரி வேண்டும். முன்னே நின்றோ பின்னே நின்றோ அவன் எறிந்தாக வேண்டும். 1990 களின் தொடக்கத்தில் உள்ளூரிலேயே வார்த்தெடுத்த ‘பசீலன் 2000’ என்ற மோட்டாரின் முழக்கத்தை அக்காலத்தவர் மறக்கவில்லை. அதன் குண்டு விழுந்த இடத்தைப் பற்றி எல்லோரும் பேசினர். அது புறப்பட்ட இடத்தில் நின்ற இளைஞனின் மூளையில் ஏறிய அலை விழுப்புண்ணும் அன்று, புறப்புண்ணும் அன்று. தியாகத்தின் நாவுக்கும் துரோகத்தின் நாவுக்கும் அதைச் சொல்லச் சொல் இல்லை. நம் அரசியல் பேச்சிலும் இலக்கியப் பேச்சிலும் நெடுங்காலம் அவ்விரு நாக்குகளே ஓங்கி ஒலித்தன.

தெற்கிலும் நிலைமை வேறன்று. பலாலி முகாமில் காவல் நின்றவர்களுள் பெரும்பாலோர் வரண்ட பிரதேசத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். நெல் விளையாத ஆண்டில் படைச் சம்பளமே குடும்பத்தின் விளைச்சல். பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த ‘புரஹந்த களுவர’ திரைப்படத்தில், பார்வையற்ற முதியவர் ஒருவர் முத்திரையிட்டு வந்த தம் மகனின் சவப்பெட்டியைத் தோண்டித் திறக்கின்றார். உள்ளே வாழைத்தண்டும் கற்களும். நட்டஈட்டுத் தாளில் ஒப்பமிட அவர் மறுக்கும் காட்சிக்கு நிகரான போர் எதிர்ப்புக் காட்சி இத்தீவின் கலையில் அரிது. ஆனால் அங்கும் படைவீரன் இல்லாமையே பொருளாகின்றது. உயிரோடு திரும்பித் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பவன் அல்லன். 2012 இல் அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்திலே, தமிழிலே எடுத்த ‘இனி அவன்’ அத்தகையவனுக்கு அருகில் வருகின்றது. புனர்வாழ்வு முடித்து ஊருக்கு வந்த முன்னாள் போராளியின் மௌனமும் இறுக்கமும் படம் முழுவதும் கனக்கின்றன. அவற்றுக்கு ஊரின் பகையும் வேலையின்மையும் கடந்தகாலமும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. மூன்றும் மெய்யே. நான்காவது ஒன்று இருக்கக்கூடும் என்பதை இயக்குநரும் எண்ணவில்லை, படத்தைப் பாராட்டியும் ஏசியும் எழுதிய நம்மவரும் எண்ணவில்லை.

நம் கூற்றுக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதனை மறைத்துவிட்டு மேலே செல்லுதல் நேர்மையாகாது. தலையிடி, உறக்கமின்மை, சினம், மறதி ஆகிய இவையெல்லாம் மனவடு நோயிலும் உள்ளவைதாமே? பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும் யாழ்ப்பாணத்தில் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். 1998 இல் வந்த அவருடைய ஆங்கில நூல் குடாநாட்டு மக்களின் வடுப்பட்ட மனங்களை உலகுக்குக் காட்டிற்று. கொழும்பு இராணுவ வைத்தியசாலையிலும் மருத்துவர்களான நீல் பெர்னாண்டோவும் ருவன் ஜயதுங்கவும் சிங்களப் படையினரிடையே இதே நோயைக் கண்டு எழுதினர். மேலும் 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 படையினரை ஆராய்ந்து, நினைவிழக்குமளவுக்கு மூளைக்காயம் பட்டவருள் ஏறக்குறைய 44 விழுக்காட்டினருக்கு மனவடு நோயும் இருக்கக் கண்டது. மனவடுவையும் சோர்வு நோயையும் கழித்துப் பார்த்தால், தலையிடி ஒழிந்த ஏனைய தொல்லைகளுக்கு மூளைக்காயத்தோடு தனித்த தொடர்பு புலப்படவில்லை என்றும் அது கூறிற்று. ஆகவே எல்லாம் மனமே என்று நிறுத்திக்கொள்ளலாமே என்பர்.

நிறுத்திக்கொள்ள இயலாது. 2016 இல், வெடியதிர்ச்சிக்கு உள்ளாகிப் பின்னர் இறந்த படையினரின் மூளைகளை டானியல் பேர்ல் என்ற நோயியல் அறிஞரும் அவர் குழுவினரும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். மூளையிழையம் நீரைத் தொடும் எல்லைகளிலும், சாம்பற் பொருளும் வெண்பொருளும் சேரும் இடங்களிலும் தனித்தன்மையான தழும்புகளைக் கண்டனர். உயிரோடிருப்பவனின் ஸ்கான் படத்தில் அவை தெரிவதில்லை. அவனிடம் தழும்பு இல்லை என்று சற்று முன்னர் சொன்னோம். நாம் பார்க்கக்கூடிய தழும்பு இல்லை என்பதே சரி. மனவடுவும் மூளைவடுவும் ஒரே மனிதனில் பின்னிக் கிடக்கக் கூடும். எது எவ்வளவு என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம். அப்படியிருக்க நம் எழுத்தாளன் மட்டும் அதை எப்போதோ பிரித்து, ஒன்றை எறிந்துவிட்டான்! இவ்விடத்தில் முற்போக்காளரின் ஒரு முரண்பாட்டையும் குறிப்பிடல் தகும். மனம் என்பது சடப்பொருளின் இயக்கம் என்று மேடையில் முழங்கும் நாம், கதை எழுத உட்கார்ந்ததும் மூளையற்ற மனிதரைப் படைக்கிறோம். அவர்களிடம் நினைவு உண்டு, குற்றவுணர்வு உண்டு, கனவு உண்டு. நரம்பு மட்டும் இல்லை. பொருள்முதல்வாதியின் கதையில் ஆன்மா அலைகின்றது.

போரையே காணாத ஒருவனின் நிலையை எண்ணிப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். 2023 ஒக்டோபரில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் பதினெட்டுப் பேரைச் சுட்டுக்கொன்று தானும் மாண்டவன் ஒரு சேமப்படை வீரன். களத்துக்கு அவன் அனுப்பப்பட்டதே இல்லை. பல ஆண்டுகளாகப் பயிற்சிக் களத்தில் மற்றவர்களுக்குக் கைக்குண்டு எறியக் கற்பித்துவந்தவன். ஆயிரக்கணக்கான வெடிகளின் அருகில் நின்றவன். அவன் மூளையை ஆராய்ந்த பொஸ்ரன் பல்கலைக்கழகத்தார் வெண்பொருளில் குறிப்பிடத்தக்க சேதத்தைக் கண்டனர். அதுவே அக்கொலைகளுக்குக் காரணம் என்று அவர்கள் அறுதியிடவில்லை. நாமும் அறுதியிட மாட்டோம். தலை அதிர்ந்தவரெல்லாம் கொலைஞராவர் என்று எழுதப் புறப்படும் ஒருவனை நாம் முதலில் கண்டிப்போம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. ‘எந்தப் போரில் பட்ட நினைவு இவனை வாட்டியது?’ என்ற கேள்வியை அவனிடம் கேட்கவே இயலாது. வாட்டுவதற்கு ஒரு போர் நினைவு இல்லை. வெடி இருந்தது, தலை இருந்தது. 2024 ஓகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், சதுர அங்குலத்துக்கு நான்கு இறாத்தல் என்ற அமுக்க எல்லையைக் குறித்தது. புதிதாகச் சேர்வோரின் அறிவுத்திறனை முன்னதாகவே சோதித்துப் பதிந்துவைக்கவும், வெடியிலிருந்து விலகி நிற்கவேண்டிய தூரத்தைப் பயிற்சிகளில் வகுக்கவும் பணித்தது. அத்திணைக்களத்தின் கருணை நமக்குத் தெரிந்ததே. படைவீரரும் அவர்தம் குடும்பத்தாரும் செய்தித்தாள்களும் ஆண்டுக்கணக்கில் நெருக்கிய பின்னரே அவ்வளவும் நடந்தது.

பெயரில்லாத காயம் நம்மிடையே எத்தகைய பெயர்களைத் தேடிக்கொள்கின்றது என்பதற்கு 2016 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நோக்கலாம். 2009 இன் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் சிலர், முகாமில் ஏற்றப்பட்ட ஊசியால் தம் உடல் தளர்ந்துவிட்டது என்று 2016 இல் வெளிப்படையாகக் கூறினர். வடமாகாண சபையில் அது பேசப்பட்டது. மருத்துவப் பரிசோதனைகள் கோரப்பட்டன. பத்திரிகைகள் ‘விஷ ஊசி’ என்று எழுதின. அந்த ஐயம் மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிப்பது இலக்கிய விமர்சனத்தின் வேலையன்று. தடுத்து வைத்தவர்களை அவர்கள் ஐயுற்றதற்கு வரலாறு போதிய காரணம் தந்திருந்தது. ஆனால் ஒரு வாசகனாக அந்நிகழ்வை நோக்குமிடத்து, அதன் கதையமைப்பு நம்மை நிறுத்துகின்றது. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதை அவர்கள் ஐயமற உணர்ந்தனர். அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஒரு கை வேண்டும். அக்கை எதிரியின் கையாக இருத்தல் வேண்டும். ஊசி அந்த மூன்றையும் தந்தது. பதினைந்து ஆண்டு பயிற்சியும் வெடியும் செய்திருக்கக்கூடியதை அப்பேச்சில் எவரும் கணக்கில் எடுத்ததாக நாம் காணவில்லை. அதற்கு ஒரு கதை நம்மிடம் அதுவரை எழுதப்பட்டிருக்கவில்லை.

இது முன்னாள் போராளிகளோடு முடிந்துபோன பழங்கதை என்று ஆசிரியர்களும் மாணவர்களும் ஒதுங்கிவிடவும் இயலாது. 2011 இல் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவான மாணவர்கள் தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரில் இராணுவ முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டே பயிற்சியில் பங்குகொண்ட மாணவி ஒருவர் உயிரிழந்தார். அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் உடலை உலுக்கி ஒழுக்கத்தை ஏற்றலாம் என்ற நம்பிக்கை கைவிடப்படவில்லை. மண்டையில் குட்டினால் அறிவு ஏறும் என்று கருதும் ஆசிரியர்கள் நம் கல்லூரிகளில் இன்னமும் இருக்கின்றனர். அவர்களிலும் சிலர் இவ்விதழை வாசிப்பவர்களாக இருக்கலாம்.

இனி எழுதப்போகும் இளம் எழுத்தாளருக்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. அதுவும் கலைக் கொள்கை சார்ந்ததன்று, கேள்வி சார்ந்தது. முன்னாள் போராளியிடமோ ஓய்வுபெற்ற படைவீரனிடமோ கதை கேட்கச் செல்பவர்கள், நீ யாரை இழந்தாய், எதைக் கண்டாய் என்று கேட்கின்றனர். அவற்றோடு, நீ எந்த ஆயுதத்தைப் பழகினாய், ஒரு நாளைக்கு எத்தனை முறை சுட்டாய், எத்தனை அடி தள்ளி நின்றாய், சுட்ட இரவில் சோறு இறங்கியதா, மறுநாள் காது இரைந்ததா என்றும் கேட்க வேண்டும். யதார்த்தவாதம் இத்தகைய விவரங்களால் ஆவது. தொழிற்சாலைத் தொழிலாளியைப் பற்றி எழுதும்போது இயந்திரத்தின் வேகத்தையும் வேலைநேரத்தையும் கேட்டறியும் நாம், படைத்தொழிலாளியிடம் மட்டும் கனவுகளைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறோம். விடை சொல்பவன் தமிழனாயினும் சிங்களவனாயினும் கேள்வி ஒன்றே. அனுராதபுரத்துக் குடிசையிலும் வடமராட்சிக் குடிசையிலும் அவனுடைய மனைவி ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் விளையாடச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடும்.

இதற்குக் காலமும் அதிகமில்லை. 1984 இல் பதினெட்டு வயதில் முகாமுக்குப் போனவர் இன்று அறுபதை எட்டியவர். வழியில் கண்ட நண்பரின் பெயர் அவருக்கு நினைவுக்கு வராதபோது வைத்தியர் வயதைக் காரணம் காட்டுகின்றார். பேருந்தின் குழலோசைக்கு அவர் சினந்து கத்தும்போது அயலவர் குடியைக் காரணம் காட்டுகின்றனர். தெருமுனைத் தேநீர்க் கடையில் இளைஞர்கள் அவரைக் கழண்டவர் என்கின்றனர். தமக்கு முதன்முதலில் தலை சுழன்றது எந்த நாளில், எந்த ஆயுதத்தின் பக்கத்தில் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும். இன்னும் எவரும் கேட்கவில்லை.